மலை மேல் ஒரு மேசை என்.எம்.ஆர். கருவி: நீரிலுள்ள உலோக ஆக்சைடு கொத்துகளை ஆராய அது போதுமா?

திரவ ஹீலியம் கேட்காத, மேசை மேல் வைத்துக்கொள்ளக்கூடிய 80 மெகாஹெர்ட்ஸ் அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் (என்.எம்.ஆர்.) கருவியை வாங்கலாமா என்று வேதியியல் ஆசிரியர்கள் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். உதகமண்டலத்தில் எங்கள் துறையில் இருக்கும் கருவி இப்போது பருவமழையையும் உறைபனியையும் பார்த்துவிட்டதால், அவர்களுக்குப் பொறுப்புடன் பதில் சொல்லும் நிலையில் இருக்கிறேன். நாங்கள் இதை வாங்கியது கரிமச் சேர்மங்களுக்காக அல்ல. நீரில் கரைந்திருக்கும் உலோக ஆக்சைடு கொத்து அயனிகளை முதுகலை மாணவர்களுக்குக் கண்முன் காட்டுவதற்காக. அந்தப் பணியில் இக்கருவி அலுமினியத்துக்கும் பாஸ்பரசுக்கும் தாராளமாகப் போதும், வனேடியத்துக்கு ஓரளவு போதும், ஆக்சிஜனுக்கும் டங்ஸ்டனுக்கும் போதாது. தயாரிப்பாளரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லப்போகும் பெரும்பாலான செய்திகள் நிலைக்காந்தத்தால் இயங்கும் இவ்வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொருந்துபவை.

உலோக அயனி ஒன்று நீரில் தனித்தே இருக்கும் என்றுதான் இளங்கலையில் சொல்லிக்கொடுக்கிறோம். அமிலக் கரைசலிலுள்ள அலுமினியம் ஆறு நீர் மூலக்கூறுகள் சூழத் தனியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கரைசலில் காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே போனால், வெள்ளை வீழ்படிவு தோன்றுவதற்கு முன்பே, அயனிகள் ஆக்சிஜன் பாலங்களால் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய கொத்துகளாகிவிடுகின்றன. அவற்றுள் மிகவும் அறியப்பட்டது 13 அலுமினியம் கொண்ட கொத்து: நடுவில் நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த ஓர் அலுமினியம், அதைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த 12 அலுமினியம், மொத்தத்தில் ஏழு நேர்மின்சுமை. 1960-இல் யோஹான்சன் ஸ்வீடனில் எக்ஸ்கதிர் முறையால் இதன் படிக அமைப்பைக் கண்டார். 1930-களில் கெக்கின் பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்துக்குக் கண்டறிந்த அமைப்பின் குடும்பத்தைச் சேர்ந்ததே இதுவும். படிகத்தில் இருப்பது எக்ஸ்கதிருக்குத் தெரியும். நீருக்குள் அதே கொத்து குலையாமல் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, எப்போது உடைகிறது என்பதைக் காட்ட அணுக்கரு காந்த ஒத்ததிர்வை விட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

அதற்குக் காரணம் எளியது. அலுமினியம்-27 என்ற ஒரே ஐசோடோப்புதான் இயற்கையில் நிலையாகக் கிடைக்கிறது. அதன் ஒவ்வோர் அணுக்கருவும் சமிக்ஞை தரும். ஆனால் அந்த அணுக்கருவின் மின்சுமை கோள வடிவில் பரவியிருப்பதில்லை. ஆகவே சுற்றியுள்ள ஆக்சிஜன்கள் சமச்சீராக அமைந்திருந்தால் நிறமாலையில் அதன் முகடு ஒல்லியாகவும், சமச்சீர் குலைந்திருந்தால் முகடு அகன்று தரையோடு தரையாகவும் வரும். 13 அலுமினியக் கொத்தின் நடு அணு ஏறத்தாழக் குறையற்ற நான்முகிக்குள் உட்கார்ந்திருப்பதால், 62.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் முகடு நிற்கும் இடத்தைக் குறிக்கும் அளவு) அருகே குத்திட்டு நிற்கும் முகட்டைத் தருகிறது. தனித்த அலுமினிய அயனி 0 பிபிஎம்மில் நிற்கிறது. வெளியே இருக்கும் 12 அணுக்களின் முகடு பல ஆயிரம் ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவி, அறை வெப்பநிலையில் பெரும்பாலும் கண்ணுக்கே அகப்படாது. 13 பேர் உள்ள வீட்டில் ஒருவர் மட்டும் வாசலுக்கு வந்து பெயர் சொல்வது போன்ற நிலைமை இது. அந்த ஒருவரை எண்ணி 13-ஆல் பெருக்கினால் வீட்டின் கணக்கு வந்துவிடும்.

இதிலிருந்துதான் சிறிய கருவி ஏன் போதும் என்ற வாதம் பிறக்கிறது. 80 மெகாஹெர்ட்ஸ் என்பது ஹைட்ரஜனுக்கான அதிர்வெண், காந்தப்புலம் 1.88 டெஸ்லா. அதே புலத்தில் அலுமினியம் சுமார் 20.8 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது. 62.5 பிபிஎம் இடைவெளி என்பது ஏறக்குறைய 1300 ஹெர்ட்ஸ். இரு முகடுகளின் அகலமும் சில பத்து ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால், அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதற்கு வழியே இல்லை. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் இந்த இடைவெளி ஐந்து மடங்காகும் என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே தெளிவாகப் பிரிந்து நிற்பவற்றை இன்னும் விலக்கி வைப்பதற்காகக் கோடிக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. தவிரவும், அந்தப் பெரிய மீக்கடத்திக் காந்தத்துக்குத் திரவ நைட்ரஜனை வாரம் தவறாமலும், திரவ ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறையும் ஊற்ற வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மழையில் மண் சரிந்து சாலை மூடப்படும் நாட்களையும் கணக்கில் வைத்துக்கொண்டு, அந்தக் குடுவைகளைத் தவறாமல் மேலே ஏற்றுவதற்கு எந்த ஒப்பந்ததாரரும் எங்களுக்கு உறுதி தரவில்லை. நிலைக்காந்தக் கருவிக்கு வேண்டியது ஒரு மின் இணைப்பும், நான்கு பேர் சேர்ந்து தூக்கும் எடையைத் தாங்கக்கூடிய மேசையும் மட்டுமே.

கனநீர் தேவையில்லை என்பதும் நீர்க் கரைசல்களை ஆராய்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். வழக்கமான கருவியில் காந்தப்புலத்தை நிலையாகப் பிடித்து வைக்கக் கரைசலில் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் இருக்க வேண்டும். எங்கள் கருவி தன் உள்ளேயே வைத்திருக்கும் வேறொரு மாதிரியைக் கொண்டு புலத்தைச் சரிபார்த்துக்கொள்கிறது. ஆகவே பியூரெட்டிலிருந்து இறங்கிய கரைசலை அப்படியே குழாயில் ஊற்றிப் பதிவு செய்யலாம். கொத்து அயனிகளின் இருப்பு அமிலத்தன்மையைப் பொறுத்தே தீர்மானமாவதால், கனநீர் கலந்து பி.எச். அளவீட்டைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டிய தொல்லை இதில் இல்லை.

கருவியை மதிப்பிட நாங்கள் முதலில் செய்தது 13 அலுமினியக் கொத்தைத் தயாரிப்பதுதான். அலுமினியம் குளோரைடு கரைசலை 80 டிகிரியில் வைத்து, நன்றாகக் கலக்கிக்கொண்டே, ஒவ்வோர் அலுமினியத்துக்கும் ஏறத்தாழ 2.4 ஹைட்ராக்சைடு என்ற விகிதம் வரும் வரை சோடியம் ஹைட்ராக்சைடை மிக மெதுவாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் கரைசல் பால் போலக் கலங்கிவிடும். பின்பு சோடியம் சல்பேட் சேர்த்து வைத்தால், சில நாட்களில் பீக்கரின் அடியில் நான்முகி வடிவப் படிகங்கள் சேர்கின்றன. சன்னல் வெளிச்சத்தில் பீக்கரைச் சாய்த்தால் அவற்றின் முக்கோண முகங்கள் மின்னுவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அவற்றை பேரியம் குளோரைடு கரைசலோடு கலக்கி, பேரியம் சல்பேட்டை வடிகட்டி நீக்கிவிட்டால் தெளிந்த நீரில் கொத்து மட்டும் மிஞ்சும்.

அந்தத் தெளிந்த நீரைக் கருவியில் வைத்தபோது 62.5 பிபிஎம் முகடு சில நிமிடங்களிலேயே இரைச்சலுக்கு மேலே எழுந்து நின்றது. அலுமினிய அணுக்கருக்கள் மிக விரைவில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால், ஒரு ரேடியோ அலைத் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே வினாடியின் ஒரு பகுதி காத்திருந்தால் போதும். ஆயிரம் பதிவுகளை ஒரு தேநீர் இடைவேளைக்குள் சேர்த்துவிடலாம். மொத்த அலுமினியம் லிட்டருக்கு 0.1 மோல் என்றால், அதில் நடு அணுக்கள் 13-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 7.7 மில்லிமோல் மட்டுமே. அவ்வளவு குறைந்த அளவை இவ்வளவு சிறிய காந்தம் இத்தனை தெளிவாகக் காட்டியது எனக்கு மனநிறைவு தந்தது.

ஆனால் வாங்குபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சிக்கல் ஒன்று இங்கேதான் இருக்கிறது. கருவியோடு தரப்படும் சாதாரண மாதிரிக் குழாய்கள் போரோசிலிகேட் கண்ணாடியால் ஆனவை. அந்தக் கண்ணாடியிலேயே சிறிதளவு அலுமினியம் உண்டு. வெறும் குழாயில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிப் பதிவு செய்தால்கூட, 60 பிபிஎம்மைச் சுற்றி அகலமான மேடு ஒன்று எழுகிறது. அது சரியாகக் கொத்தின் முகட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முகடு உயரமாக இருக்கும்போது அந்த மேட்டால் பாதகமில்லை. கொத்தின் அளவு குறையக் குறைய, மேட்டின் பரப்பையும் சேர்த்து எண்ணிவிடும் ஆபத்து வருகிறது. வெற்றுக் குழாயின் நிறமாலையைக் கழிப்பது ஒரு வழி. குவார்ட்ஸ் குழாய் வாங்குவது அதைவிடச் சிறந்த வழி. கருவியின் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விற்பனைக்கு வந்தவர்களும் சொல்லவில்லை. அலுமினியம் அளக்கலாம் என்று விளம்பரத்தில் அச்சிடுபவர்கள் அலுமினியம் இல்லாத குழாயையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதே என் கருத்து.

அளவுக் கணக்குக்கு நாங்கள் மெல்லிய உட்குழாயில் சோடியம் அலுமினேட்டை அடைத்து, மாதிரிக் குழாயின் நடுவே நிறுத்துகிறோம். அலுமினேட்டின் முகடு 80 பிபிஎம்மில், மற்ற எதற்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்கிறது. அதன் பரப்போடு ஒப்பிட்டு 62.5-இன் பரப்பைக் கணக்கிட்டு, 13-ஆல் பெருக்கினால் கொத்திலுள்ள அலுமினியத்தின் அளவு கிடைத்துவிடும். கருவியோடு வரும் மென்பொருளில் பரப்பளவைக் கணக்கிடும் பகுதி நன்றாகவே இருக்கிறது. அடிக்கோட்டைத் தானாகச் சமன் செய்யும் வசதியை மட்டும் நம்பாமல் கையால் சமன் செய்துகொள்வது நல்லது. அகன்ற முகடுகளை அடிக்கோடு என்று நினைத்து அது வெட்டி எறிந்துவிடுகிறது.

இந்த வசதி வந்த பிறகு மாணவர்கள் தாமாகவே எடுத்துக்கொண்ட வேலை, குடிநீர் தெளிய வைக்கும் பொருட்களை ஆராய்வது. வீட்டில் குடத்து நீரில் சுழற்றும் படிகாரமும், சுத்திகரிப்பு நிலையங்களில் பிஏசி என்ற பெயரில் வாங்கும் பாலி அலுமினியம் குளோரைடும் அலுமினியம்தான். ஆனால் நீருக்குள் அவற்றின் உருவம் வேறு. படிகாரக் கரைசலில் 0 பிபிஎம் முகடு மட்டுமே வந்தது, 62.5-இல் அடையாளமே இல்லை. பிஏசி கரைசல்களில் 0 பிபிஎம் முகட்டின் தோளில், 4 பிபிஎம் அருகே, இரண்டு மூன்று அலுமினியம் சேர்ந்த சிறு கூட்டங்களின் அகன்ற முகடு ஒட்டிக்கொண்டு வருகிறது. 62.5 முகடு சிலவற்றில் ஓங்கியும் சிலவற்றில் பெயரளவுக்கும் இருந்தது. ஒரே பெயரில் விற்கும் பொருளில் கொத்தின் விகிதம் தயாரிப்பு முறைக்கேற்ப இவ்வளவு மாறும் என்பதை உறையிலுள்ள காரத்தன்மைச் சதவீதம் ஒருபோதும் சொல்வதில்லை. எங்கள் சிறிய கருவியால் 4 பிபிஎம் முகட்டை 0 பிபிஎம் முகட்டிலிருந்து சரியாகப் பிரிக்க முடியவில்லை; இரண்டுக்கும் இடையே இருப்பது 80 ஹெர்ட்ஸ் சொச்சம்தான். கொத்தின் அளவை அறிய அது தடையல்ல, ஆனால் சிறு கூட்டங்களைப் பற்றிக் கட்டுரை எழுத நினைப்பவர்கள் பெரிய கருவிக்குத்தான் போக வேண்டும்.

ஃபெரான் என்ற வினைப்பொருளைச் சேர்த்து, நிறம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை 370 நானோமீட்டரில் அளந்து, அதிலிருந்து கொத்தின் அளவைக் கணிக்கும் பழைய முறை இருக்கிறதே, இதற்கு எதற்கு இத்தனை செலவு என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அந்த முறை மிக நீர்த்த கரைசலிலும் வேலை செய்யும் என்பதால் இன்றும் நாங்கள் அதைக் கைவிடவில்லை. ஆனால் அது வேகத்தை அளந்து உருவத்தை ஊகிக்கிறது. நடுத்தர வேகத்தில் வினைபுரியும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. என்.எம்.ஆர். அந்த நான்முகி அணுவை நேரடியாகக் காட்டுகிறது. இரண்டையும் ஒரே கரைசலில் செய்து பார்த்த மாணவர்களுக்கு, அளவீடு என்பதற்கும் ஊகம் என்பதற்கும் உள்ள வேறுபாடு பாடப்புத்தகத்தை விடத் தெளிவாகப் புரிந்தது.

13 அலுமினியக் கொத்தைச் சூடாக்கினால் இரண்டு கொத்துகள் மேலும் நான்கு அலுமினியத்தால் இணைந்து 30 அலுமினியக் கொத்தாகின்றன. இதை 2000-ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. செய்முறைகளில் பலவும் 95 டிகிரியில் வைக்கச் சொல்கின்றன. உதகை கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் நீர் 92-க்கும் 93-க்கும் இடையிலேயே கொதித்துவிடுகிறது. சமவெளியில் எழுதப்பட்ட செய்முறையை இங்கே அப்படியே செய்ய முடியாது. டெஃப்லான் உறையிட்ட மூடிய எஃகுக் கலத்தில் வைத்துத்தான் அந்த வெப்பநிலையை எட்டினோம். அவ்வளவு பாடுபட்டுச் செய்த கொத்தைக் கருவி தெளிவாகக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 30 அலுமினியக் கொத்தின் முகடு 70 பிபிஎம் அருகே வருகிறது. ஆனால் அதன் சமச்சீர் குறைவு, உருவம் பெரிது, நீரில் மெதுவாகவே உருள்கிறது, ஆகவே முகடு அகன்றுவிடுகிறது. மாதிரியைச் சூடாக்கிப் பதிவு செய்தால் அது கூர்மையாகும். எங்கள் கருவியில் மாதிரியின் வெப்பநிலை காந்தத்தின் வெப்பநிலையான சுமார் 30 டிகிரியிலேயே கட்டுண்டு கிடக்கிறது. வெப்பநிலையை மாற்றும் வசதியுள்ள வகை வேறாக, கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. கொத்து அயனிகளை ஆராய நினைப்பவர்கள் வேறு எதைக் குறைத்தாவது அந்த வகையையே வாங்குவது நல்லது.

வனேடியத்தில் கருவி கொடுத்தது மகிழ்ச்சியும் ஏமாற்றமும் கலந்த அனுபவம். நிறமற்ற வனேடேட் கரைசலை அமிலமாக்கினால் அது ஆரஞ்சு நிறம் கொள்கிறது. 10 வனேடியமும் 28 ஆக்சிஜனும் ஆறு எதிர்மின்சுமையும் கொண்ட டெக்காவனேடேட் கொத்து உருவாகிவிட்டது என்பதே அதன் பொருள். கொத்துக்குள் மூன்று வகை வனேடியம் 2:4:4 என்ற விகிதத்தில் இருப்பதால், வனேடியம்-51 நிறமாலையில் -422, -500, -516 பிபிஎம் அருகே மூன்று முகடுகள் வர வேண்டும். எங்கள் கருவியில் முதல் முகடு தனியே நின்றது. மற்ற இரண்டும் ஒன்றாகக் கலந்து, உச்சி சற்றே பிளந்த ஒரே மலையாகத் தெரிந்தன. 16 பிபிஎம் என்பது 21 மெகாஹெர்ட்ஸில் சுமார் 340 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு முகட்டின் அகலமே ஏறத்தாழ அந்த அளவுக்கு வந்துவிடுகிறது. இவ்வணுக்கருக்களில் முகட்டின் அகலம் ஹெர்ட்ஸ் கணக்கில் புலத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. இடைவெளி மட்டுமே புலத்தோடு வளர்கிறது. பெரிய காந்தத்தின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. ஆயினும், ஆரஞ்சுக் கரைசலில் காரம் சேர்த்தால் நிறம் உடனே மறையாமல் மணிக்கணக்கில் தயங்கித் தயங்கி வெளிறுவதை, -422 முகடு தேய்ந்து -560-க்கும் -580-க்கும் இடையே சிறு வனேடேட்டுகளின் முகடுகள் வளர்வதாக அரை மணிக்கொருமுறை பதிவு செய்து பார்ப்பதற்கு இந்தக் கருவியே மிகப் பொருத்தம். பெரிய கருவியை அத்தனை மணி நேரம் ஒரு மாணவருக்கு எந்த மையமும் ஒதுக்கித் தராது.

பாஸ்பரஸ்-31 கருவியின் மிகப் பெரிய பலம். முகடுகள் ஓரிரு ஹெர்ட்ஸ் அகலத்தில் ஊசி போல வருகின்றன. 12 டங்ஸ்டன் சூழ்ந்த பாஸ்பேட் -15 பிபிஎம் அருகே நிற்கிறது; காரம் சேர்த்தால் ஒரு டங்ஸ்டன் உதிர்ந்து, 11 டங்ஸ்டன் கொண்ட குறைக்கொத்தின் முகடு -10.5 பிபிஎம் சுற்றி எழுகிறது. 1826-இல் பெர்சீலியஸ் கண்ட மஞ்சள் பாஸ்போமாலிப்டேட்டும் இதே குடும்பம்தான். நம் மலையின் அமில மண்ணில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று மண் பரிசோதனைக் கூடத்தில் பார்க்கும்போது தோன்றும் நீல நிறம், ஒடுக்கப்பட்ட அந்தப் பாஸ்போமாலிப்டேட் கொத்தின் நிறமே. மண் அட்டையில் எண்ணாக வந்து சேரும் செய்திக்குப் பின்னால் ஒரு கெக்கின் கொத்து இருக்கிறது என்பதை, தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் நிறமாலையில் பார்த்தபோது கொண்ட ஆர்வத்தை நான் வேறெந்தப் பாடத்திலும் கண்டதில்லை.

ஆக்சிஜனைப் பற்றி விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பி இக்கருவியை வாங்கக் கூடாது. ஒத்ததிரும் ஆக்சிஜன்-17 இயற்கையில் 0.038 சதவீதம் மட்டுமே. நீரின் சொந்த முகடு வந்துவிடும். கொத்திலுள்ள ஆக்சிஜன் தெரியாது. ஆக்சிஜன்-17 செறிவூட்டிய நீரின் விலையோ சொல்லத் தரமன்று. ஆனால் இத்துறையின் ஆழமான கேள்விகள் எல்லாம் ஆக்சிஜனிடம்தான் இருக்கின்றன. ஃபிலிப்ஸ், கேசி, கார்ல்சன் ஆகியோர் 2000-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், 13 அலுமினியக் கொத்தின் பாலங்களிலுள்ள ஆக்சிஜன்கள் சுற்றியுள்ள நீரோடு எவ்வளவு வேகத்தில் இடம் மாறுகின்றன என்று ஆக்சிஜன்-17 கொண்டு அளந்தார்கள். பார்வைக்கு ஏறத்தாழ ஒன்று போலவே இருக்கும் இருவகை ஹைட்ராக்சில் பாலங்களின் வேகத்தில் சுமார் ஆயிரம் மடங்கு வேறுபாடு இருந்தது. நடு அணுவைப் பிடித்திருக்கும் நான்கு ஆக்சிஜன்களோ அசையவே இல்லை. பாறையும் களிமண்ணும் நீரில் கரைவது எந்தப் பிணைப்பில் தொடங்குகிறது என்பதைத் தனித்தனி ஆக்சிஜனின் அளவில் பேச முடிந்தது இத்தகைய வேலைகளால்தான். அலுமினியச் செறிவுள்ள செம்பாறை மண்ணும் பாக்சைட்டும் உள்ள நீலகிரியிலும் பழனி மலையிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி காலடியிலேயே கிடக்கிறது. அதற்கான அளவீடுகளுக்கு சென்னை ஐஐடியிலுள்ள வசதி போன்ற பெரிய மையங்களையே நாட வேண்டும். டங்ஸ்டன்-183 இக்கருவியின் அதிர்வெண் எல்லைக்கே வெளியே இருக்கிறது.

இனி மலைக்கே உரிய தொல்லைகள். நிலைக்காந்தத்தின் புலம் வெப்பத்தைப் பொறுத்து மாறும்; நியோடைமியம் காந்தம் ஒரு டிகிரிக்கு ஆயிரம் பிபிஎம் அளவுக்கு நகரும். அதனால் கருவி தன் காந்தத்தை எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்கிறது. மின்சாரம் போனால் அந்தச் சூடு தணியத் தொடங்குகிறது. மின்சாரம் திரும்பி வந்தாலும் காந்தம் பழைய நிலையை எட்டி, புலம் சீராகி, அளக்கத் தகுந்த நிலைக்கு வர ஒரு முழு நாள்கூட ஆகிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கற்பூர மரங்கள் மின்கம்பிகள் மேல் விழுவது இங்கே வாடிக்கை. கணினிக்கு வைக்கும் சிறிய யுபிஎஸ் இதற்கு உதவாது; இரவு முழுவதும் தாங்கும் மின்கலமும், அதற்கு மேல் ஜெனரேட்டர் இணைப்பும் வேண்டும். ஜனவரி காலைகளில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும்போது எங்கள் அறையின் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கருவிக்கு 18 டிகிரியாவது வேண்டும் என்பதால் அறை ஹீட்டர் இரவும் பகலும் ஓடுகிறது. சமவெளியில் குளிர்சாதனத்துக்கு ஆகும் செலவு இங்கே ஹீட்டருக்கு ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வனேடியம் பதிவு செய்யும்போது சில நாட்களில் காரணமில்லாமல் ஒரு கூரிய கோடு தோன்றும். மாதிரியை வெளியே எடுத்துவிட்டு, துடிப்பும் கொடுக்காமல் பதிவு செய்தாலும் அது வந்தது. 21 மெகாஹெர்ட்ஸ் என்பது அமெச்சூர் வானொலியாளர்கள் பேசிக்கொள்ளும் அலைவரிசை; மலை உச்சியில் அந்த அலைகளுக்குத் தடையும் குறைவு. புதிதாகத் தரையிணைப்புப் போட்டு, குழாயின் வாயைச் செம்பு மூடியால் மூடிய பிறகு அந்தக் கோடு மறைந்துவிட்டது.

விற்றவர்களின் சேவையைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், குறையும் சொல்ல வேண்டும். நிறுவ வந்த இன்ஜினியர் பொறுமையானவர்; மாணவர்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு புலத்தைச் சீராக்கும் விதத்தைக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். ஆனால் ஒவ்வோர் அணுக்கருவுக்கும் தனித்தனி உரிமக் கட்டணம் உண்டு என்பது கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அலுமினியமும் வனேடியமும் அடிப்படை விலையில் அடங்கவில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் மலைப் பகுதிக்கு வருகைச் செலவு தனி என்றும் பிறகுதான் தெரிந்தது. பேசிக் குறைத்துக்கொண்டோம், எழுத்தில் வாங்கியிருந்தால் பேசவே வேண்டியிருந்திருக்காது.

கோத்தகிரிப் பக்கத்து மாணவி ஒருவர், “மேடம், எங்க தோட்டத்து மண்ணுல கவாத்து வெட்டுனப்புறம் டோலமைட் போடுறோமே, அப்போ இந்தக் கொத்து மண்ணுல உருவாகுமா?” என்று கேட்டார். மிக நல்ல கேள்வி. தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி. முதிர்ந்த இலைகளில் அலுமினியத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. கோதுமை போன்ற பயிர்களின் வேருக்கு 13 அலுமினியக் கொத்து தனித்த அயனியை விட அதிக நஞ்சாகிறது என்று நீர்வளர்ப்புச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அமில மண்ணில் சுண்ணாம்புப் பொருள் இடும்போது பி.எச். ஏறுவதால் கொத்து உருவாக வாய்ப்பு உண்டா என்பது இன்னும் விவாதத்தில் உள்ள பொருள். அவர் கொண்டுவந்த மண்ணைச் சாறெடுத்துக் கருவியில் வைத்தோம். இரவு முழுவதும் பதிவு செய்தும் வெற்றுக் கோடுதான் வந்தது. மண் நீரில் கரைந்திருக்கும் அலுமினியம் மைக்ரோமோல் கணக்கில் இருக்கும். இக்கருவிக்கு மில்லிமோல் வேண்டும். கொத்து இல்லை என்பதற்கு அது சான்றாகாது என்பதையும் அந்த மாணவி தன் ஆய்வேட்டில் சரியாகவே எழுதினார். இப்போது மண்ணுக்குப் பதிலாகச் செயற்கைக் கரைசலில் டோலமைட்டைத் தூவி, கொத்து தோன்றும் பி.எச். எல்லையைக் கருவியில் தேடிக்கொண்டிருக்கிறார்.

வாங்க முடிவு செய்துவிட்டவர்கள், அலுமினியம், வனேடியம், பாஸ்பரஸ் உரிமங்கள், வெப்பநிலை மாற்றும் வசதி, குவார்ட்ஸ் குழாய்கள், ஓர் இரவு தாங்கும் மின்கலம் ஆகியவற்றைக் கருவியோடு ஒரே கொள்முதல் ஆணையில் சேர்த்துவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன், விற்பவரின் செய்துகாட்டும் கூடத்துக்கு உங்கள் 13 அலுமினியக் கரைசலை லிட்டருக்கு 0.1 மோல், 0.01 மோல் என இரு செறிவுகளில் கொண்டுபோய், கூடவே வெற்றுக் குழாய் ஒன்றையும் வைத்து, மூன்று நிறமாலைகளையும் கையோடு வாங்கி வாருங்கள்.